பின் கதவுக் கண்ணாடி இல்லாமல் கண் ஆஸ்பத்திரிக்கு

கையெழுத்துக்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் உட்காராமல் சில மேலேயும் சில கீழேயும் நிற்கின்றன. ஒரு வரி முடிப்பதற்குள் வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வந்துவிடலாம், அவ்வளவு நேரம் ஆகிறது. ஆனால் இவ்வளவு வயதுக்குப் பிறகு நான் நினைத்தது தாளில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பாக வருகிறது. எழுதியதை நானே திரும்பப் படித்து, சரிதான், இப்படித்தான் நடந்தது என்று தலையாட்டிக்கொள்கிறேன்.

நம் இலஞ்சி முதியோர் கல்வி வகுப்பில் வாராவாரம் ஒரு கையெழுத்துத் தாள் வீடு வீடாகச் சுற்றுகிறது. போன வாரம் ஒருவர் திருச்செந்தூர் போய்வந்ததை எழுதியிருந்தார். நன்றாக இருந்தது. ஆனால் பஸ் எத்தனை மணிக்கு, டிக்கெட் எவ்வளவு என்று எழுதவில்லை. நம்மில் பலருக்குக் கண்ணில் புரை விழும் வயது. நாளைக்கு நீங்களும் பாளையங்கோட்டைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரலாம். அதனால் இந்த ஆடி மாதம் நாங்கள் போய்வந்த விதத்தை எழுதுகிறேன். எங்களைப் போல் யாரும் போகவேண்டாம் என்பதற்காகவும்தான்.

என் மனைவி சண்முகத்தாய்க்கு இடது கண் பத்து வருஷத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. யாரோ சொன்ன பச்சிலைச் சாற்றை விட்டு வந்த வினை. இருப்பது வலது கண் ஒன்றுதான். அதிலும் புரை முற்றி, உலையில் அரிசி போடும்போது பானையைத் தடவிப் பார்க்கும் நிலை வந்த பிறகு ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பும்போது கண்ணில் போட்ட கனமான கட்டைப் பிரித்துவிட்டு, நெற்றியிலிருந்து ஒரு பச்சைத் துணியை மட்டும் கண்ணுக்கு முன்னால் தொங்கவிடுவார்களாம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "காத்து படக் கூடாது, தூசி படக் கூடாது, தண்ணி படக் கூடாது. தூசி விழுந்து அவங்க கண்ணைக் கசக்கிட்டா தையல் விட்டுப்போகும். அப்புறம் அந்தக் கண்ணை என்னால மீட்க முடியாது. பஸ்ஸுல கூட்டிட்டுப் போகாதீங்க."

எங்கள் ஊர் ஆடி மாதத்தைப் பற்றி அந்த டாக்டருக்குத் தெரியுமோ என்னவோ. குற்றாலத்தில் சாரல் இருக்கும். தென்காசியைத் தாண்டிவிட்டால் சாரல் கிடையாது, காற்று மட்டும்தான். பாவூர்சத்திரத்தில் சைக்கிளை ஆளோடு தள்ளும். ஆலங்குளத்தில் ரோட்டு மண்ணெல்லாம் எழுந்து வரும். அந்த வழியாகத்தான் அவளைக் கூட்டிவர வேண்டும்.

நான் ஐந்தருவி ரோட்டில் ஒரு சீசன் பங்களாவுக்குக் காவல். வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும். சீசனுக்கு மட்டும் முதலாளி தூத்துக்குடியிலிருந்து குடும்பத்தோடு வருவார். இந்த வருஷம் புதிதாக வந்திருக்கிறதே, பெட்டி போல் வெள்ளையாக ஒரு சின்னக் கார், அதில் வந்தார். சத்தமே இல்லை. விஷயத்தைக் கேட்டதும், "வண்டிய எடுத்துட்டுப் போ. கண்ணாடிய ஏத்திவிட்டுட்டா உள்ள ஒரு ஈ வராது" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு டிரைவர் கண்ணன் வண்டியை எடுத்தார். முன்னால் நான். பின்னால் என் மனைவியின் தம்பி சுப்பையா. அக்காளைப் பிடித்து ஏற்றி இறக்க ஒரு ஆள் வேண்டும் என்று அவரே வந்தார். ஆனால் அவர் அதற்கு முன்னாலேயே விடியற்காலையில் பேரருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டு, நனைந்த எட்டு முழ வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டுதான் வந்து ஏறினார்.

குற்றாலத்துக்குச் சீசனில் வந்தவர்களுக்குத் தெரியும். அருவியில் குளித்துவிட்டுப் போகிறவர்கள் ஈர வேட்டியை, துண்டைக் கார்க் கதவுக் கண்ணாடியின் இடுக்கில் கொடுத்து, கண்ணாடியை ஏற்றி இறுக்கிவிடுவார்கள். வண்டி ஓட ஓட வேட்டி வெளியே பறக்கும். தென்காசி போவதற்குள் முக்கால்வாசி காய்ந்துவிடும். எந்த வண்டியைப் பார்த்தாலும் கொடி கட்டியது போல்தான் இருக்கும். சுப்பையாவும் அதையே செய்தார்.

"மாமா, இது புது வண்டி" என்றார் கண்ணன். "அதுல போயி வேட்டியக் கெட்டுதிய."

"வேட்டிதானவே கெட்டுதேன், மாட்டையா கெட்டுதேன்? நீரு ரோட்டப் பாத்து ஓட்டும்" என்றார் சுப்பையா.

மேலகரம் வரும்போது முன்னால் ஒரு மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. ஏதோ பந்தலுக்கு மூங்கில் ஏற்றியிருந்தார்கள். மூங்கில்கள் வண்டிக்குப் பின்னாலும் பக்கத்திலும் நீட்டிக்கொண்டிருந்தன. கண்ணன் ஒதுங்கித்தான் தாண்டினார். ஆனால் வேட்டி ஒதுங்கவில்லை. இடது பின் கதவிலிருந்து பறந்த வேட்டி மூங்கில் நுனியில் போய்ச் சுற்றிக்கொண்டது. கார் ஒரு பக்கம், மாட்டுவண்டி ஒரு பக்கம். ஒரு இழுப்புத்தான். படீரென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கதவில் கண்ணாடியே இல்லை. கல் உப்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டியது போல் சீட்டெல்லாம், சுப்பையா மடியெல்லாம் பொடிக் கண்ணாடி. நல்லவேளை, ஒரு கீறல் கூட அவருக்கு இல்லை.

வண்டிக்காரர் ஒன்றும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தார். அவர் மூங்கிலில் சுப்பையாவின் வேட்டி பறந்துகொண்டிருந்தது. சுப்பையா இறங்கிப் பின்னாலேயே ஓடினார். மற்ற நாளாக இருந்தால் நான் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. கண்ணாடி போனதற்காக அல்ல. முதலாளி என்ன சொல்வார் என்பதுகூட அப்போது மனசில் இல்லை. அந்தச் சதுரமான ஓட்டையைப் பார்த்தேன். அவள் உட்கார வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் அது இருந்தது.

தென்காசியில் மதுரை ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினோம். எட்டரைக்குத்தான் திறந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் மெக்கானிக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். கதவுக்குள்ளே விழுந்த பொடிகள் கலகலவென்றன.

"இந்த வண்டிக்கு இங்கன ஒரு சாமானும் கெடைக்காது அண்ணாச்சி" என்றார். "அம்பாசடர்னா இப்பவே மாட்டித் தந்திருவேன். இது திருநவேலில இருந்தா உண்டு. இல்லன்னா மதுரைதான்."

சுப்பையாவுக்கு ஒரு யோசனை வந்தது. எதிரில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடை இருந்தது. "அளவு குடுத்தா அங்க வெட்டித் தருவான்லா? மாட்டிட்டுப் போயிருவோம்."

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மாமா, இப்ப ஒடஞ்சது கல்கண்டு மாரி உதிந்துச்சு. அதான் நீரு முழுசா நிக்கேரு. படத்துக்குப் போடுத கண்ணாடி ஒடஞ்சா கத்தி கத்தியா விழும். கண்ணு ஆபரேசன் பண்ணுன ஆளையா அதும் பக்கத்துல உக்கார வைக்கப் போறிய?"

சுப்பையா அந்த யோசனையைச் சொன்னபோது நானும் சரி என்று தலையாட்டியிருந்தேன்.

பத்து மணிக்கெல்லாம் கட்டிலைக் காலி செய்துதர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மணி அப்போதே ஒன்பதைத் தாண்டிவிட்டது. உரக்கடையில் ஒரு யூரியா மூட்டையின் உள்பையை வாங்கிப் பிரித்து, ஓட்டையை அடைத்து, சுற்றிலும் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். தென்காசியிலிருந்து திருநெல்வேலி ஐம்பத்து மூன்று கிலோமீட்டர். அந்தப் பை பாவூர்சத்திரம் வரைக்கும் இருந்தது, அதாவது பதினோரு கிலோமீட்டர். பிறகு ஒரு பக்கம் பிய்ந்து, பேய் அறைவது போல் படபடவென்று அடித்தது. கடைசியில் காற்றோடு போய்விட்டது.

நான் வண்டியை நிறுத்தச் சொல்லி, சுப்பையாவை முன்னால் அனுப்பிவிட்டுப் பின் சீட்டுக்கு மாறினேன். அவளை எங்கே உட்கார வைக்கலாம் என்று பார்க்க வேண்டும். முதலில் ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆலங்குளத்துக்கு முன்னாலேயே கண்ணில் மண் விழுந்துவிட்டது. வலது ஓரத்துக்கு நகர்ந்தேன். காற்று அங்கேயும் சுற்றி வந்தது. குனிந்து பார்த்தேன், முன் சீட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துப் பார்த்தேன். எங்கே இருந்தாலும் மண் வந்தது. முன் சீட்டில் இருந்த சுப்பையா பிடரியில் மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தார். ஆக முன்னாலும் உட்கார வைக்க முடியாது. திருநெல்வேலி டவுன் வரும்போது என் இரண்டு கண்ணும் மிளகாய் போல் சிவந்திருந்தன. என் கண்ணைக் கசக்கக் கசக்க, அவள் கை அவள் கண்ணுக்குப் போவது போலவே தெரிந்தது.

ஜங்ஷன் பக்கம் உதிரிபாகக் கடைகள் உண்டு. முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடையில் ஆர்டர் கொடுத்தால் பத்து நாளில் வரும் என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் சிரித்த முகத்தோடு உள்ளே போய் வைக்கோலில் சுற்றிய ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். எனக்கு உயிர் வந்தது. கண்ணன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"இது வலது பக்கத்துக்கு. நமக்கு இடது பக்கம் வேணும்."

"திருப்பி மாட்ட முடியாதா?" என்றேன்.

"முடியாது அண்ணாச்சி. இந்தக் கண்ணாடி லேசா வளைஞ்சிருக்கு பாத்தியளா? திருப்பி வச்சா வளைவு உள்பக்கமா வந்துரும், கதவுக்குள்ள இருக்க காடில, அந்தப் பள்ளத்துல, போயி உக்காராது."

வெறும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். கடைக்காரருக்கே பாவமாகப் போய்விட்டது. வண்ணார்பேட்டையில் ஒரு ரிப்பேர் செட்டில் இதே மாதிரி வண்டி ஒன்று அடிபட்டு நிற்கிறது, அங்கே போய்க் கேளுங்கள் என்று வழி சொன்னார்.

அங்கே போனால், வேப்ப மரத்தடியில் தார்ப்பாயைப் போட்டு மூடி ஒரு வண்டி நின்றது. முன்பக்கம் அப்பளம் போல் நொறுங்கியிருந்தது. பின்பக்கம் புத்தம் புதிதாக இருந்தது. இடது பின் கதவில் கண்ணாடி முழுசாக இருந்தது. நான் அதைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். செட்டு மெக்கானிக் அந்த வண்டியைப் பழைய இரும்பாக விலைக்கு வாங்கிப் போட்டிருந்தார். கழற்றி மாட்டித் தருகிறேன், மூன்று மணி நேரம் ஆகும் என்றார்.

ஆனால் சுப்பையா கிட்டேயே வரவில்லை. ரோட்டிலேயே நின்றார்.

"அடிபட்ட வண்டிச் சாமான எடுத்து நம்ம வண்டில மாட்டப்பிடாது அத்தான். அதுல அக்காவ வேற ஏத்தணும். ஒரு மொறம இருக்குல்லா."

எங்கள் பக்கம் இது உண்டு. அடிபட்ட வண்டியில் ஒரு திருகாணி எடுத்தால்கூட ஆயிரம் யோசனை செய்வார்கள். எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது.

"அதுல வந்தவருக்கு என்ன ஆச்சு?" என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

"என்ன ஆவும்? முந்தாநேத்து வந்து, சீட்டுக்கடில என் கொட கெடந்துச்சே எங்கன்னு கேட்டு, சண்ட போட்டு வாங்கிட்டுப் போனாரு."

"இவம் கண்ணாடிய விக்கதுக்காச் சொல்லுதான்" என்றார் சுப்பையா, ரோட்டிலிருந்தே.

"நீரு வேணும்னா அவரு வீட்டுக்கே போயி அவரு மூச்சு விடுதாரான்னு பாத்துட்டு வாரும். நான் அதுக்குள்ள ஒரு தூக்கம் போடுதேன்" என்றார் மெக்கானிக்.

மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. அவள் கட்டிலைக் காலி செய்துவிட்டு எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ தெரியாது. நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கண் அவளுடையது. அவளையே கேட்டுவிடுவோம். அதுவரை கதவுக்குள் கிடக்கும் பொடியை அள்ளிச் சுத்தம் செய்யுங்கள், கண்ணாடியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினேன். பாளையங்கோட்டைக்கு டிக்கெட் ஐம்பது காசு. ஒரு சந்தோஷத்தை இங்கே எழுதத்தான் வேண்டும். எந்தப் பஸ் என்று நான் யாரையும் கேட்கவில்லை. போர்டை நானே எழுத்துக் கூட்டிப் படித்து ஏறினேன். என்னிடமே ஒருவர், "இது பாளையங்கோட்ட போவுமா அண்ணாச்சி?" என்று கேட்டார். போகும் என்று சொன்னேன். அவ்வளவு கவலையிலும் அதைச் சொன்னபோது குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் வந்தது.

சண்முகத்தாய் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. நெற்றியிலிருந்து பச்சைத் துணி தொங்கியது. என் செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"வந்தாச்சா? கார்ல வாரவுகளுக்கு இம்புட்டு நேரமா? மாட்டுவண்டில வந்திருந்தாக்கூட இப்ப வந்திருப்பிய."

"மாட்டுவண்டியாலதான் தாமசம்" என்று நடந்ததைச் சொன்னேன். வேட்டி என்று ஆரம்பித்ததுமே, "என் தம்பிக்காரன் குளிச்சானாக்கும்" என்றாள். அப்புறம் அடிபட்ட வண்டியைப் பற்றியும் அவள் தம்பி சொன்னதைப் பற்றியும் சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை.

மடியில் இருந்த பையைப் பெஞ்சில் வைத்தாள். பிறகு, "இஞ்சருங்க. எங் கண்ணுல தையல் போட்டாவள்லா, அந்த ஊசி எத்தன பேரு கண்ணுல போயிட்டு வந்துருக்கும்? அதுல எத்தன கண்ணு தெரிஞ்சுது, எத்தன கண்ணு போச்சுன்னு நம்ம கேட்டமா?" என்றாள்.

"கேக்கல."

"பின்ன கண்ணாடிக்கு மட்டும் என்ன ஜாதகம் பாக்கிய? போயி மாட்டச் சொல்லுங்க. அவனுக்கு வேணும்னா ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக் குடுங்க, பிழிஞ்சு குடிக்கட்டும். நான் இங்கனயே இருக்கேன். நர்சம்மா கஞ்சி தந்தா."

திரும்ப வண்ணார்பேட்டைக்கு வந்தேன். கண்ணாடி மாற்றும் வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. முதலில் கண்ணாடியைச் சுற்றி இறக்கும் கைப்பிடியைக் கழற்றுகிறார்கள். பிறகு கதவின் உள்பக்க அட்டை வருகிறது. உள்ளே கண்ணாடியின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் காடி இருக்கிறது. கண்ணாடிக்கும் இரும்புக்கும் நடுவில் ரப்பர் வைத்துத்தான் இறுக்க வேண்டும். அந்த ரப்பர் எங்கள் வண்டியில் கிழிந்துபோயிருந்தது. அடிபட்ட வண்டியில் இருந்ததும் கழற்றும்போது கிழிந்துவிட்டது. மெக்கானிக் சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்து, பசை போட்டு, கண்ணாடியைத் தட்டி இறக்கினார். மேலே ஏற்றி நிறுத்தினார். சுப்பையா எலுமிச்சம்பழத்தை வாங்கி வந்து டயருக்கு அடியில் வைத்தார்.

"நாளைக்கு வரைக்கும் இறக்கிராதிய. பச காயணும். கதவயும் மெதுவா மூடுங்க" என்றார் மெக்கானிக். கண்ணாடிக்கு இருநூற்றைம்பது ரூபாய், மாட்டிய கூலி அறுபது ரூபாய். சுப்பையாவே கொடுத்தார், யாரும் கேட்காமலே.

நான்கு மணிக்கு அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். அவள் வலது ஓரம், நான் இடது ஓரம், புதுக் கண்ணாடியை ஒட்டி. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றியிருந்ததால் உள்ளே வேர்த்துக் கொட்டியது. பேட்டை தாண்டியதும், "ஒரு விரக்கட இறக்குங்களேன், மூச்சு முட்டுது" என்றாள். "பேசாம இரு" என்றேன். முதலாளி சொன்னது உண்மைதான். உள்ளே ஒரு ஈ வரவில்லை.

ஆலங்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு குண்டும் குழியுமாக இருக்கும். ஒரு குழியில் வண்டி இறங்கி ஏறியபோது என் தோளில் காற்று பட்டது. கண்ணாடி மேலே ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. அடுத்த குழியில் இரண்டு விரல். பசை காயவில்லை. எதிர்க்காற்று அந்த இடுக்கில் சீட்டி அடித்தது. நான் இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் அழுத்தி மேலே தள்ளினேன். ஏறியது. கையை எடுத்தால் இறங்கியது. "வண்டிய நிறுத்தட்டுமா?" என்று கண்ணன் கேட்டார். வெளியே மண் சுவர் போல் எழுந்து வந்துகொண்டிருந்தது. அங்கே நிறுத்தி என்ன செய்வது? ஓட்டுங்கள் என்றேன்.

அப்போதுதான் அந்தப் பெரிய குழி வந்தது. என் கை வழுக்கியது. கண்ணாடி அரைச் சாண் இறங்கிவிட்டது. ஒரு அள்ளு மண் உள்ளே வந்து எல்லார் மேலும் விழுந்தது. நான் கண்ணாடியை விட்டுவிட்டு முதுகால் ஓட்டையை அடைத்துக்கொண்டு, "கண்ண மூடு, கண்ண மூடு" என்று கத்தினேன். அவள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சுப்பையா முன் சீட்டிலிருந்து பின்னால் எட்டி, கண்ணாடியின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். பிறகு தென்காசி வரை அவர் மேலே பிடித்துக்கொள்ள, நான் கீழிருந்து மேலே தள்ளிக்கொள்ள, அப்படியே வந்தோம். இருபத்தைந்து கிலோமீட்டர். அவர் திரும்பி முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பாவூர்சத்திரத்தில் அவள் மெதுவாகச் சொன்னாள். "என்னமோ உறுத்துது."

நான் அவள் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே வந்தேன். மடியில் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கசக்கவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஆறரை. இலஞ்சியில் சாரல் நின்றிருந்தது, எங்களுக்காகவே நின்றது போல.

முதலாளியிடம் கண்ணனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மறுநாள் காலை நான் போய் நின்றதும், "ஏலே, கண்ணாடி போனா போவுது. எவன் வண்டின்னு நெனச்சு வேட்டி காயப்போட்டிய?" என்றார். பிறகு, "உன் வீட்டுக்காரிக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார். டாக்டர் பார்த்தால்தான் தெரியும் என்றேன். உறுத்துவது நிற்கவே இல்லை. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டோம். அவள் சாப்பிடும்போது, படுக்கும்போது, நான் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறு பரிசோதனைக்கு ஐந்தாம் நாள் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த நாட்களில் இந்தத் தாளில் ஒரு எழுத்துக்கூட எழுத முடியவில்லை.

அந்தக் காரை மறுபடி கேட்க எனக்கு மனசு வரவில்லை. ஐந்தாம் நாள் காற்று கிளம்புவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று தென்காசியில் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தோம். டாக்டர் பச்சைத் துணியைத் தூக்கி, விளக்கு அடித்து, வெகு நேரம் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தூசி ஒண்ணும் இல்ல. தையல் முனைதான் உறுத்துது, போகப் போகச் சரியாகிடும்" என்றார். பிறகு அவளிடம், "நல்லவேளை நீங்க கசக்கல" என்றார்.

"கசக்க விட்டாத்தான?" என்றாள் அவள். "இவுக என் கையையேல்லா பாத்துட்டு இருந்தாவ. கல்யாணம் ஆன புதுசுலகூட இப்படிப் பாக்கல."

டாக்டர் சிரித்துவிட்டார். நான் வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டேன்.

இனி, போகப்போகிறவர்களுக்கு. ஆனி ஆடியில் கண் ஆபரேஷன் வேண்டாம், தள்ளிப்போட முடிந்தால் தை மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அழைத்துவரும் அன்று விடியற்காலையில் அனுப்பச் சொல்லி முந்தின நாளே கேட்டு வையுங்கள். காற்று ஒன்பது மணிக்கு மேல்தான் வலுக்கும். புது மாதிரிக் காருக்குக் கதவுக் கண்ணாடி உடைந்தால் தென்காசியில் நேரத்தைப் போக்காமல் நேராகத் திருநெல்வேலிக்குப் போங்கள். இடதா வலதா என்று கடையில் முதலிலேயே சொல்லுங்கள். கண்ணாடியோடு ரப்பரையும் கேட்டு வாங்குங்கள், சைக்கிள் டியூப் வேண்டாம். பசை காயாமல் வண்டியை எடுக்காதீர்கள். அவசரம் என்றால் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு மரச் சில்லை ஆப்பாக அடித்து நிறுத்தச் சொல்லுங்கள். இதை முதலாளியின் ஊர் மெக்கானிக் பிறகு சொன்னார், எங்களுக்கு அன்று தோன்றவில்லை. வேட்டியை வீட்டில் காயப்போடுங்கள்.

வரும் புதன்கிழமை அவளுக்கு மூக்குக் கண்ணாடி தருகிறார்கள். அதைப் போட்டால்தான் எவ்வளவு தெரிகிறது என்பது தெரியும் என்றார் டாக்டர். இப்போது வெளிச்சம் தெரிகிறது, ஆள் நடமாட்டம் தெரிகிறது, முகம் தெரியவில்லை. புதன்கிழமை அவள் முதலில் எதைப் பார்த்தாள் என்பதை அடுத்த வாரம் எழுதிவிடுகிறேன். முகம் தெரியவில்லை என்று அவள் சொல்லிவிட்டாலும், அதையும் எழுதுவேன்.